ஒன்றரை அங்குலப் பச்சைக்கு ஓர் எஸ்டிமேட்

2024 மே மாதம் விடுமுறைக்கு வந்த என் இளைய மகள், சாப்பாடு முடிந்து கை கழுவும் நேரம் பார்த்து, "அப்பா, அப்பாயி கையிலிருந்த பச்சைக் கோலத்தை என் கையில் குத்திக்கொள்ளப் போகிறேன்" என்றாள். அவளுக்கு வயது 27. ராய்ப்பூரில் வேலை. என் துணைவியார் பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே அவர் கருத்து வெளிப்பட்டுவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டு இருந்தவனுக்கு, யார் எதைக் கேட்டாலும் முதலில் "படம் எங்கே, எஸ்டிமேட் எங்கே?" என்று கேட்டே பழக்கம். அதையே கேட்டேன். இரண்டும் அவளிடம் இல்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது இந்தப் பேச்சு வராத வீடு குறைவு. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெரியவர்கள் கூடாது என்கிறார்கள், பிள்ளைகள் சொல்லாமல் போய்க் குத்திக்கொண்டு முழுக்கைச் சட்டை போடுகிறார்கள். குத்தலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. குத்துவதென்று முடிவானால் எப்படித் திட்டமிடுவது, எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று நாங்கள் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு இது புதிதும் அல்ல. எங்கள் ஊர்ப் பக்கம் குறத்திகள் வந்து பச்சை குத்துவார்கள். என் அம்மாவுக்குக் குத்தியதற்குக் கூலி ஒரு படி அரிசியும் ஒரு பழைய புடவையும். எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியா பற்றி எழுதியவற்றில் அந்த மை செய்யும் முறை இருக்கிறது. மஞ்சள்பொடியையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் பூசித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். ஆக, மை என்பது வெறும் கரிதான். கறுப்புக் கரி தோலுக்கு அடியில் போனதும் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. மேலே இருக்கும் தோல் நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதே காரணம். "பச்சை" என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

நாம் குடியிருக்கும் இந்தச் சத்தீஸ்கரிலும் இதற்குக் குறைவில்லை. இங்கே "கோத்னா" என்பார்கள். பிலாஸ்பூர் நடைமேடையில் நெற்றியில் குத்திய பைகாப் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகாநதிக் கரையிலுள்ள ராம்நாமிகளின் கதை இன்னும் பெரிது. கோயிலுக்குள் விடமாட்டோம் என்று தடுக்கப்பட்டவர்கள், 1890களில் பரசுராம் என்பவரைப் பின்பற்றி, ராம நாமத்தைத் தங்கள் உடம்பிலேயே எழுதிக்கொண்டார்கள். இளைய தலைமுறையில் உடல் முழுவதும் குத்திக்கொள்பவர்கள் இன்று அரிது. ஆனால் தன் கருத்தைத் தானே வரைந்து தன் தோலில் ஏற்றுவது நேற்று மும்பையில் தொடங்கிய நாகரிகம் என்று யாராவது சொன்னால், அவரை ஜாஞ்ச்கீர் பக்கம் அழைத்துப் போக வேண்டும்.

முதலில் படம். அம்மா 1996-இல் காலமானார். இருக்கும் இரண்டு புகைப்படங்களிலும் இடக்கை புடவைக்குள் இருக்கிறது. என் நினைவிலிருந்து கிராஃப் தாளில் வரைந்தேன். மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளி, சுற்றிச் சிக்குக் கோலம். திருச்சியிலுள்ள என் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவருக்கு வயது 74. பத்து நிமிடத்தில் போன் வந்தது. "ஏன்டா தம்பி, அம்மா கையைப் பார்த்ததே இல்லையா நீ? நடு வரிசையில் அஞ்சுடா. ஒண்ணு, மூணு, அஞ்சு, மூணு, ஒண்ணு. எனக்கு எண்ணக் கத்துக்கொடுத்ததே அந்தக் கையிலதான்." கூட்டிப் பார்த்தேன், பதின்மூன்று. நான் கடைசிப் பிள்ளை. நான் விவரம் அறியும் காலத்தில் ஓரப் புள்ளிகள் மங்கிப்போயிருக்க வேண்டும். அக்கா சொல்லச் சொல்ல நான்கு முறை திருத்தி வரைந்தோம். ஐந்தாவது படத்துக்கு "சரி" வந்தது. அக்கா இல்லாமற்போயிருந்தால் ஒன்பது புள்ளிதான் என் மகள் கையில் ஏறியிருக்கும். அது தவறு என்று சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது அளவு. மகள் ஓர் அங்குலம் போதும் என்றாள். சின்னதாக இருந்தால் செலவும் குறையும், அம்மாவின் கோபமும் குறையும் என்பது அவள் எண்ணம். இங்கேதான் பாலிடெக்னிக்கில் படித்த டிராயிங் எனக்குக் கைகொடுத்தது.

தோலின் மேலடுக்கு சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அது மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாவதால், அங்கே வைக்கும் மை நிலைக்காது. ஊசி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை இறங்கி, உள்ளடுக்கில் மையை விடுகிறது. உடம்பு சும்மா இருக்காது. கிருமிகளை விழுங்கும் காவல் செல்கள் ஓடிவந்து மையை விழுங்குகின்றன. ஆனால் கரித்துகளைச் செரிக்க அவற்றால் முடியாது. அவை செத்ததும் மை வெளியே வரும், அடுத்து வரும் செல் அதைப் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் எலிகளில் இதைக் காட்டினார்கள். ஷிப்ட் மாறும் கேபின்மேன் அடுத்தவரிடம் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போவது போலத்தான். ஆள் மாறினாலும் சாவி கேபினிலேயே இருக்கிறது. ஆனால் ஆண்டுகள் போகப் போக மை கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் பரவும். இன்று அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு, பிற்காலத்தில் ஒரு மில்லிமீட்டராகத் தடிக்கும் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போட்டேன்.

கோலத்துக்கு அது பெரிய தொல்லை இல்லை. நடு வரிசையில் ஐந்து புள்ளி, வெளிக்கோட்டுக்கு இருபுறமும் அரை இடம். ஆக அகலத்தை ஐந்தால் வகுத்தால் புள்ளிக்குப் புள்ளி தூரம் வரும். ஓர் அங்குலத்தில் அது 5 மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலத்தில் சுமார் ஏழரை. கோடு புள்ளிகளுக்கு நடுவே போவதால் அதில் பாதிதான் இடைவெளி. சிறிய அளவில் இரண்டரை மில்லிமீட்டர், அதிலும் புள்ளியின் தடிப்பையும் கோட்டின் தடிப்பையும் கழிக்க வேண்டும். தப்பிக்கும், ஆனால் நெருக்கம்.

மாட்டிக்கொண்டது எழுத்துதான். கோலத்தின் கீழே "அப்பாயி" என்று சின்னதாக எழுத வேண்டும் என்பதும் அவள் ஆசை. நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் எழுதிப் பார்த்தால் அகரத்தின் சுழிக்குள்ளே ஒரு மில்லிமீட்டர் இடம்கூடச் சரியாக இல்லை. சுற்றியுள்ள கோடு தடித்தால் அந்தச் சுழி அடைபட்டுப் பொட்டாகிவிடும். ஆங்கில எழுத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. நம் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம். 'ஞ', 'ணை', 'ழி' போன்றவற்றைச் சின்னதாகக் குத்திக்கொள்ள நினைப்பவர்கள், எட்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது.

எழுத்து பற்றி இன்னொரு எச்சரிக்கை. இது வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே உள்ளது. இங்கே குத்துபவருக்குத் தமிழ் தெரியாது. அவர் கணிப்பொறியில் உள்ள படம் வரையும் மென்பொருளும் சில சமயம் தமிழை ஒழுங்காகக் கோக்காது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பின்னால் போய் நிற்கும், புள்ளி நகரும், சில சமயம் நடுவில் புள்ளிகளாலான ஒரு வட்டம் முளைக்கும். அவருக்கு அது அழகான வளைவு, அவ்வளவுதான். நண்பர் மகன் ஒருவன் தோளில் "பொறுமை" என்று குத்தப் போய், கொம்பும் காலும் இடம் மாறி என்னவோ ஆகிவிட்டது. அவன் பொறுமையோடுதான் இருக்கிறான். எனவே எழுத்தை நீங்களே தாளில் எழுதி, படமாகக் கொடுங்கள். தட்டச்சுச் செய்து கொடுக்காதீர்கள். தோலில் ஊதா நிறத்தில் அச்சு எடுப்பார்கள். அது காயும் வரை காத்திருந்து, எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் "ஆரம்பிக்கலாம்" என்று சொல்ல வேண்டும். கண்ணாடியில் பார்த்துப் படிக்க வேண்டாம், இடம் வலமாகத் தெரியும். தமிழ் தெரிந்த இன்னொருவரைக் கூட்டிப் போங்கள். எங்கள் விஷயத்தில், மகள் கடைசியில் எழுத்தையே விட்டுவிட்டாள். கோலம் மட்டும், ஒன்றரை அங்குலம் என்று முடிவாயிற்று.

இடம் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவுக்கு இருந்தது போல இடது முன்கையின் உட்புறம் என்றாள். நல்லதாயிற்று. மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவ விதிப்படி, சமயச் சின்னமோ பெயரோ இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ இருக்கலாம், அளவு அந்த உறுப்பில் கால்பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். இடது கை ஏனென்றால் அது சல்யூட் அடிக்காத கை. என் மகளுக்கு இது தேவையில்லை. ஆனால் நம் சங்கத்தில் காவல் படைக்கும் ராணுவத்துக்கும் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலக்கையில் தேள் குத்திக்கொண்டு போன ஓர் இளைஞன் மருத்துவப் பரிசோதனையில் நின்றதை நான் அறிவேன். சேர விரும்பும் பணியின் அறிவிப்பை வாங்கிப் படித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகட்டும்.

இனிப் பணம். ராய்ப்பூரில் மூன்று கடைகளில் விலை கேட்டோம். முதல் கடை சதுர அங்குலத்துக்கு 500 ரூபாய், ஆனால் குறைந்தபட்சம் 1,500. இரண்டாவது 700, குறைந்தபட்சம் 2,000. மூன்றாவதில் இரண்டு அங்குலம் வரை எதுவானாலும் மொத்தமாக 3,000, ஒருமுறை திருத்திக் கொடுப்பதும் அதில் அடக்கம். மற்ற இருவரும் திருத்தத்துக்குத் தனியே கேட்டார்கள், முறையே 750-ம் 1,000-மும். எங்கள் படம் ஒன்றரைக்கு ஒன்றரை, அதாவது இரண்டேகால் சதுர அங்குலம். முதல் கடையில் கணக்குப்படி 1,125 ரூபாய்தான். ஆனால் கொடுக்க வேண்டியது 1,500. இதை ஓர் அங்குலமாகக் குறைத்திருந்தாலும் அதே 1,500! சின்னப் படத்துக்கு அளவைக் குறைப்பதால் ஒரு பைசா மிச்சமில்லை, படம்தான் கெடும். இதை எழுதிக் காட்டிய பிறகே மகள் ஒன்றரை அங்குலத்துக்குச் சம்மதித்தாள்.

திருத்தத்தையும் சேர்த்தால் 2,250, 3,000, 3,000. ரயில்வேயில் குறைந்த டெண்டரை எடுத்துவிட்டுப் பிறகு அவதிப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே விலையோடு நிறுத்தாமல் மூன்று இடத்திலும் உட்கார்ந்து, வேறொருவருக்குக் குத்துவதைப் பார்த்தோம்.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான். ஊசி, முத்திரையிட்ட உறையிலிருந்து உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். மை, பெரிய பாட்டிலிலிருந்து சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட்டு, வேலை முடிந்ததும் மிச்சம் கொட்டப்பட வேண்டும். மீதியைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றுபவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். மையில் கலக்கும் தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு கைப்பேசியைத் தொட்டால் அந்தக் கையுறையை மாற்ற வேண்டும். மறுபடி உபயோகிக்கும் உலோகப் பிடி இருந்தால், ஆட்டோகிளேவ் எங்கே என்று கேளுங்கள். அது நம் வீட்டுக் குக்கரின் அண்ணன்தான். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி சூட்டில் நீராவியால் கிருமிகளைக் கொல்வது. வெந்நீரும் டெட்டாலும் அதற்கு ஈடாகாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் மஞ்சள்காமாலை. ஹெப்படைடிஸ் பி கிருமி, காய்ந்த ரத்தத் துளியில் உடம்புக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஹெப்படைடிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டும்கூட ஊசி வழியே பரவக்கூடியவை. அம்மா காலத்தில் நூலால் கட்டிய அதே ஊசிகளால் தெருவிலுள்ள பெண்கள் அனைவருக்கும் குத்தினார்கள். யாருக்கு என்ன வந்தது என்று அன்று யாரும் பார்க்கவில்லை. இன்றும் மேளாக்களில் பாட்டரி எந்திரத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் குத்துகிறார்கள், நூறு ரூபாய்க்கு. அந்த நூறு ரூபாயை மிச்சப்பட்டதாகக் கணக்கில் எழுத வேண்டாம்.

முதல் கடையில் ஊசி ஏற்கெனவே எந்திரத்தில் மாட்டியிருந்தது. "இப்போதுதான் மாட்டினேன்" என்றார். இருக்கலாம். மூன்றாவது கடைக்காரர் எங்களைக் கேட்காமலே எல்லாவற்றையும் எதிரில் பிரித்துக் காட்டினார், சர்க்கரை நோய் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாயா, காயம் பட்டால் தழும்பு தடிக்குமா என்று கேட்டு எழுதிக்கொண்டார், பதினெட்டு வயது ஆனதற்கு ஆதாரம் கேட்டார். 27 வயதுப் பெண்ணிடம் கேட்டதில் மகளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். அவரையே தேர்ந்தெடுத்தோம்.

அவர் எந்திரத்தை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். எனக்குப் புல்லரித்தது, பழைய நண்பனைப் பார்த்த மாதிரி. அது நம் மின்சார மணியேதான்! சுருளில் மின்சாரம் போனால் காந்தமாகி இரும்புப் பட்டையை இழுக்கும், இழுத்ததும் தொடர்பு அறும், ஸ்பிரிங் பட்டையைத் திருப்பும், மறுபடி தொடர்பு. மணியில் நாக்கு அடிக்கிறது, இதில் ஊசி இறங்குகிறது. மோட்டாரில் ஓடும் வகையும் உண்டு. எடிசன் 1876-இல் நகலெடுப்பதற்காக ஒரு மின்சாரப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்துதான் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி 1891-இல் பச்சை குத்தும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அலுவலகத்துக்குச் செய்த சாமான் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

எஸ்டிமேட் இப்படி வந்தது. குத்துவதற்கு 3,000. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, போடும் கூலியோடு 600. சோப்பு, களிம்பு, மேலே ஒட்டும் படலம் 450. போக்குவரத்து 300. ஆக 4,350. எதிர்பாராச் செலவு பத்து சதவீதம் 435. மொத்தம் 4,785 ரூபாய். கடைசியில் கோடு போட்டு, கீழே இன்னொரு தொகை எழுதினேன். வேண்டாமென்று பின்னால் தோன்றினால் லேசரால் எடுக்க ஆகும் செலவு. தோல் மருத்துவர் ஒருவர், தடவைக்கு 2,500, ஆறு தடவையாவது ஆகும், இடையிடையே ஆறு முதல் எட்டு வாரம் விட வேண்டும் என்றார். ஆக, 15,000 ரூபாயும் ஓராண்டுக்கு நெருங்கிய காலமும். கறுப்பு எளிதில் போகும், பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும். வைப்பதைப்போல ஐந்து மடங்கு, எடுப்பதற்கு. அந்தத் தொகையைப் பார்த்த பிறகு என் துணைவியார் முதல் தடவையாகப் பேச்சில் கலந்துகொண்டார்: "அப்போ சரியாகவாவது குத்தட்டும்."

காலத்தைத் தடுப்பூசியே நிர்ணயித்தது. அதை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று போட வேண்டும். மே மாதம் தொடங்கி நவம்பரில் முடித்தாள். கோடை வியர்வையும் மழைக்கால ஈரமும் புண்ணுக்கு ஆகாதென்பதால் டிசம்பர் பொருத்தமாக அமைந்தது. இடையில் அந்த ஆறு மாதத்தையும் வீணாக்கவில்லை. மூன்று வாரம் தினமும் காலையில் பேனாவால் அதே இடத்தில் அதே அளவில் வரைந்துகொண்டு அலுவலகம் போனாள். முதலில் மணிக்கட்டுக்கு மிக அருகில் வரைந்தாள். வாட்ச் பட்டை உரசியது, மடிப்பில் கோடு நெளிந்தது, இரண்டு அங்குலம் மேலே ஏற்றினாள். ஒத்திகைக்குக் கறுப்பு மருதாணி வாங்குகிறேன் என்றபோது மட்டும் தடுத்தேன். கறுப்பு என்று விற்கும் மருதாணியில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருப்பதுண்டு, கொப்பளித்துத் தழும்பாகிவிடும். நம் வீட்டில் அரைக்கும் சிவந்த மருதாணிக்கு அந்தப் பயமில்லை.

ரத்ததானம் செய்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பச்சை குத்தினால் பன்னிரண்டு மாதம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். என் மகள் தவறாமல் கொடுப்பவள், ஆகவே நவம்பரில் ஒருமுறை கொடுத்துவிட்டு வந்தாள்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை வேலை நடந்தது. ஐம்பது நிமிடம். துணைவியாரும் கூட வந்தார், திரும்பி உட்கார்ந்துகொண்டார், பிறகு திரும்பிப் பார்த்தார். புள்ளிகளை எண்ணும் பொறுப்பு எனக்கு. ஊதா அச்சில் பதின்மூன்றும் இருந்தன.

அதன் பிறகு வந்த மூன்று வாரம்தான் உண்மையில் சிரமம். நாளைக்கு இரண்டு மூன்று முறை கை கழுவிவிட்டு மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றி எடுத்து, களிம்பை மெல்லியதாகத் தடவ வேண்டும். தடிமனாக அப்பினால் நல்லதல்ல. பொருக்கைப் பிய்க்கக் கூடாது, பிய்த்த இடத்தில் மை சேர்ந்தே வந்துவிடும். நீச்சல் குளம், ஆறு, வெயில் மூன்றும் விலக்கு. மஞ்சள் அரைத்துப் பூசலாமே என்று அக்கா போனில் சொன்னார், வேண்டாமென்றோம். சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கடைக்காரரிடம் போகாமல் டாக்டரிடம் போக வேண்டும். மகளுக்கு அரிப்புதான் தொல்லை, வேறொன்றும் வரவில்லை.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது முழங்கை ஓரத்திலிருந்த கடைசிப் புள்ளி மட்டும் வெளுத்திருந்தது. ஒப்பந்தப்படி காசில்லாமல் திருத்திக் கொடுத்தார். செலவான மொத்தம் 4,540 ரூபாய், ஒதுக்கியதில் 245 மிச்சம். வீடியோவில் அக்காவுக்குக் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை விட்டு மேலிருந்து கீழே எண்ணினார், முடித்ததும் மறுபடி ஒருமுறை எண்ணினார். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

ஐந்து படங்களும், எஸ்டிமேட் தாளும், கடையில் கேட்க வேண்டிய கேள்விகளும் ஒரு கோப்பில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலைகளில் சங்க நூலகத்தில்தான் இருப்பேன். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்து, பேச்சு எழுந்திருந்தால், அவர்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.